காவற்படையும் அதன் செலவும்

முறைவைத்து ஆடும் போர்விளையாட்டின் விதிகளையும் நூற்பாப்போற் கொண்டு ஆராய்தல் கூடும். கணிப்பொறியில் ஆடப்பெறும் 'சிவிலிசேசன்' வரிசையில் 1996-இல் வந்த இரண்டாவதும், 2010-இல் வந்த ஐந்தாவதும் ஈண்டுக் கொள்ளப்படுகின்றன.

இரண்டாவதில் படைச்செலவைத் தாங்குவது அப்படைக்குரிய நகரின் ஆக்கப்பொருளே. முடியாட்சியில் நகருக்கு மூன்று படைகள் செலவின்றி நிற்கும். நகருள் நிற்கும் படை, மூன்று வரை, ஒவ்வொன்றும் மனக்குறையுற்ற குடியொருவரை அடக்கும். மக்களாட்சியில் அவ்வடக்குமுறை இல்லை. வெளியே போர்மேற் சென்ற படை ஒவ்வொன்றாலும் குடிகள் இருவர் மனம் நோவர். காவற்படை யாரிடமிருந்து யாரைக் காக்கின்றது என்னும் வினாவை விதியே எழுப்பிவிடுகின்றது. இச்சிறப்பு மிகுதியும் கருதற்பாலது.

ஐந்தாவதில் செலவு அரசின் பொன்னினின்று போகின்றது. ஆட்டம் நீள நீள அதுவும் உயரும். ஆயின் 'மரபு' என்னும் கொள்கைவரிசையுள் 'சிலராட்சி'யை மேற்கொண்டார்க்கு நகர்க்காவற் படைகளாற் செலவே இல்லை. அந்நகரின் எய்யும் வலிமையும் ஒன்றரை மடங்காகும். சின்னாட்டினர்க்கு இது துணையாம் என்பது மெய்யே. எனினும் மதிலுள் நிற்பவன் உண்ணானோ? வாயில் கடந்த பின்னரே அவனுக்குப் பசி தோன்றுமோ? உரோமப் பேரரசின் வருவாயிற் பெரும்பகுதியை உண்டது படையே. அப்படையுள்ளும் மிகுதியானது எல்லைக் கோட்டைகளில் நின்றது.

செல்வர் சிலர் தம் கைப்பொருளால் காவலரை ஊட்டுகின்றனர் என அப்பெயர்க்குப் பொருளுரைக்கலாம். அங்ஙனமாயின் அக்காவலர் அச்செல்வர்க்கே அடங்குதல் வேண்டும். ஆட்டத்திலோ, ஆடுவோர் ஏவிய இடமெல்லாம் அவர் மறுப்பின்றிச் செல்கின்றனர்.