மகரக்கட்டு
சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப்பணி: ஒரு மதிப்பீடு

மேலை நாட்டார் ‘ஓபரா’ எனப் போற்றும் கலைக்கு நிகரான இசை நாடகம் நம் தமிழகத்திலும் செழித்திருந்தது. பாடலே கதையை நடத்திச் செல்ல, நடிகன் முதலில் பாடகனாக இருந்தாக வேண்டிய கலை அது. ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டும் உச்சக்குரல் உடையவனே ராஜபார்ட் நடிகனாகப் புகழ் பெற்றான். அக்கலையின் தலையாய ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). காரைக்காலும் புதுச்சேரியும் ஒரே பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில் அவர் புதுச்சேரியில் மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பணியை எண்ணிப் பார்ப்பது நமக்கும் உரிய கடமையாகும்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்புக் கற்றார்; இருபத்து நான்காம் வயதில் நாடகத் துறையில் புகுந்தார். இரணியன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்குப் பெயர் தந்தன. எனினும் நடிப்பைவிடப் பயிற்றுவிப்பதே அவருடைய வாழ்வின் பெரும்பணி ஆயிற்று. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவிச் சிறுவர்க்குப் பாடலும் வசனமும் கற்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கு உருவானவர்களே.

சுவாமிகளின் சிறப்பு யாது? அவர் பாடகனின் தொண்டையை அறிந்து எழுதினார். சிறுவன் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. குறை யாது? அவருடைய மாந்தர் அனைவரும் புலவராய் நின்று தர்க்கம் புரிவர். தர்க்கம் நீள நீளக் கதை நின்றுவிடும். ‘வள்ளி திருமணம்’ இதற்குச் சான்று. ஆயினும் அந்தத் தர்க்கத்தைக் கேட்கவே தென்மாவட்ட மக்கள் இன்றும் விடிய விடிய அமர்ந்திருக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

நம்மவர் நெஞ்சுக்கு நெருக்கமான ‘ஞானசௌந்தரி’யும் அவருடைய நாடகங்களுள் ஒன்று. மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்த பெண், தேவமாதாவின் அருளால் அவற்றை மீளப் பெறும் கதை அது. சைவ மரபில் ஊறிய புலவர் ஒருவர் அதனை மேடைக்கு ஆக்கித் தந்தது அவருடைய உள்ளத்தின் விரிவைக் காட்டும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. மேடையில் வெட்டுண்ட கைகள் மீண்டும் தளிர்த்தன. மேடைக்குப் பின்னால் இருந்த சிறுவரின் நிலை என்ன? பருவம் வந்து குரல் உடைவதை நாடகத்தார் ‘மகரக்கட்டு’ என்பர். நேற்றுவரை ஊரை மயக்கிய குரல் கரகரத்தவுடன் அச்சிறுவனின் பாத்திரம் போகும். பலருக்குப் பிழைப்பும் போகும். பள்ளிக் கல்வியும் இன்றி, வீட்டையும் பிரிந்து வளர்ந்தவன் எங்கே செல்வான்? வயது வந்த நடிகரின் ஒழுங்கின்மையைக் கண்டு வெதும்பியே சுவாமிகள் சிறுவரை நாடினார் என்பர். நோக்கம் நல்லதே. ஆனால் அம்முறை குரலைப் பேணிய அளவுக்குக் குரலுடையோனைப் பேணவில்லை.

பிறரைக் குறைகூற நாம் விரையலாகாது. உரோமைத் திருச்சபையின் பாடகர் குழுக்களிலும், குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டோர் பல தலைமுறைகள் பாடினர். 1903-இல் புனித பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசையைச் சீர்திருத்தி, உயர்ந்த குரல்களைச் சிறுவரே பாடுமாறு பணித்தார். சிஸ்டைன் சிற்றாலயக் குழுவில் பாடிய அத்தகையோருள் இறுதியானவரான அலெசாந்திரோ மொரெஸ்கி, சுவாமிகள் மறைந்த அதே 1922-இல்தான் மறைந்தார். இறைபுகழ் பாடும் இனிமைக்காகவும் மனிதனைச் சிதைத்தல் தகாது என்பதை உணர நமக்கு நெடுங்காலம் பிடித்தது.

சுவாமிகளின் இறுதி நாள்கள் உருக்கமானவை. பக்கவாதம் அவருடைய கைகால்களை முடக்கி, நாவையும் கட்டிப்போட்டது. பலருக்குக் குரல் தந்தவர் மொழியிழந்து கிடந்தார். அப்போதும் அவருடைய பாடல்கள் மாணவர் வாயில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. திருமுழுக்கு யோவானைப் போல், தாம் குறைந்து பிறர் வளரக் காண்பதே ஆசிரியனின் அறம். அவ்வகையில் அவர் பேராசான், ஐயமில்லை.

நம் பங்குகளிலும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பாஸ்காவுக்கும் சிறுவரைப் பாட வைக்கிறோம். குரல் உடைந்தபின் அவர்களைத் தேடிச் செல்கிறோமா? பாடகர் குழுவிலிருந்து ஒதுங்கி ஆலயத்தின் கடைசித் தூணருகே நிற்கும் இளைஞனையும் பெயர் சொல்லி அழைக்கும்போதே நம் பாட்டு வழிபாடாகும்.