தகட்டில் ஒரு தனுஷ்கோடி

திக்லிபூர் மழையில் காகிதப் படங்கள் பூஞ்சை பூத்து மங்குவதை நம் சங்கத்தார் அனைவரும் அறிவர். ஆதலின், அலுமினியத் தகட்டில் பதித்த தனுஷ்கோடிப் படமொன்று விலைக்கு வந்தபோது நாம் மகிழ்ந்தே வாங்கினோம். சாயத்தை வெப்பத்தால் ஆவியாக்கித் தகட்டின் மேற்பூச்சினுள் ஏற்றும் முறை இது. மாலை வெயில் படுங்கால் கடல் மெய்யாகவே மின்னுகிறது. தொழிலில் குறை காண்பதற்கில்லை.

குறை காட்சியில் உள்ளது. இடிந்த தேவாலயச் சுவர், மணல், வானம், இவ்வளவே. 1914 முதல் அரை நூற்றாண்டு தலைமன்னாருக்குக் கப்பல் சென்ற துறை அது. இரயில் நிலையமும் அஞ்சலகமும் பள்ளியும் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல், பாம்பனிலிருந்து வந்த இரயிலையும் ஊரையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. அதன் பின்னரும் மீனவர் அங்குக் குடிசையிட்டு வாழ்கின்றனர். அவர்தம் வலையொன்றுகூடப் படத்தில் இல்லை. ஆள் விலகும்வரை காத்திருந்து எடுத்தனர் போலும்! பாழின் அழகுக்கு விலையுண்டு என்பதை விற்போர் நன்கறிவர்.

அக்கரையில் பிறந்த எம் அன்னையார் தகட்டை நெடுநேரம் நோக்கிவிட்டு, “கோயிலு இருக்கு, நம்ம சனத்தக் காணோமேப்பா?” என்றார்.

வலை உலர்த்தும் கரையையும் ஒருநாள் தகட்டில் ஏற்றுவாராயின், முதற்படியை நாமே வாங்குவோம்.