பழச்சாறும் இரும்புக் கதவும்

நீரிழிவு உள்ள குழந்தையின் அம்மாவுக்குச் சினிமா கொடுத்திருக்கும் வேலை ஒன்றுதான்: ஓடுவது. டேவிட் ஃபிஞ்சர் இயக்கிய ‘பேனிக் ரூம்’ (2002) படத்தில் ஜோடி ஃபாஸ்டர் ஓடுகிறார். புது வீட்டில் முதல் இரவு. திருடர்கள் நுழைகிறார்கள். கணவனைப் பிரிந்த மெக்கும் மகள் சாராவும் இரும்புக் கதவு போட்ட ஓர் அறைக்குள் அடைபடுகிறார்கள். சாராவுக்கு முதல் வகை நீரிழிவு. சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது, வலிப்பு வருகிறது, ஊசி மருந்து அறைக்கு வெளியே இருக்கிறது. அம்மா உயிரைப் பணயம் வைத்து வெளியே போகிறாள்.

விறுவிறுப்பான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மகளுக்கு நான்கு வயதில் இதே நோய் வந்தது, இப்போது ஏழு வயது. இந்த மூன்று வருடங்களில் நான் ஓடியது மிகக் குறைவு. உட்கார்ந்து கணக்குப் போட்டதுதான் அதிகம்.

சாப்பாட்டுக்கு முன் விரலில் குத்தி அளவு பார்க்க வேண்டும். தட்டில் எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்கிட்டு அதற்கேற்ற இன்சுலினைப் போட வேண்டும். முழுத் தோசைக்கு ஊசி போட்ட பிறகு குழந்தை பாதித் தோசையில் “போதும்மா” என்று எழுந்துவிடும். போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. மீதித் தோசைக்காகக் கெஞ்ச வேண்டும், கதை சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரு கரண்டி தேனாவது உள்ளே போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்துவிட்டு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். அந்த 15 நிமிடத்தை நான் பார்த்த எந்தப் படமும் காட்டியதில்லை. காட்டினால் தாய் தியாகத் திருவுருவாகத் தெரியமாட்டாள். கூலியோ விடுப்போ இல்லாத இரவு ஷிப்ட் பார்க்கிறவளாகத் தெரிவாள்.

‘பேனிக் ரூம்’ தன்னையறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. கடைசியில் சாராவுக்கு ஊசி போடுவது மெக் அல்ல. அவள் கதவுக்கு வெளியே தவிக்கிறாள். உள்ளே மாட்டிக்கொண்ட திருடன் போடுகிறான். திருட வந்தவனால் முடிகிறது! ஊசி பிடிக்கும் கை கர்ப்பப்பையிலிருந்து முளைப்பதில்லை. பிறகு ஏன் நம் வீடுகளில் “எனக்குக் கை நடுங்குது, நீயே போட்டுடு” என்று ஆண்கள் சொல்வது நியாயமான காரணமாக ஏற்கப்படுகிறது? என் கைகூடத்தான் முதல் வாரம் நடுங்கியது. யாரும் கேட்கவில்லை.

பார்க்க வேண்டிய இன்னொரு படம் ஹெர்பர்ட் ரோஸின் ‘ஸ்டீல் மக்னோலியாஸ்’ (1989). தன் தங்கையின் மரணத்துக்குப் பிறகு ராபர்ட் ஹார்லிங் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. கல்யாண நாளில் அழகு நிலையத்தில் ஷெல்பிக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. அம்மா அவள் தலையைப் பிடித்துப் பழச்சாற்றைப் புகட்டுகிறாள், மகள் தள்ளிவிடுகிறாள், சுற்றி நிற்கும் பெண்கள் பார்க்கிறார்கள். துப்பாக்கி இல்லை, திருடன் இல்லை. என் வரையில் ஃபிஞ்சரின் முழுப் படத்தைவிட இந்தச் சில நிமிடங்கள் உண்மையானவை. சர்க்கரை இறங்கிய குழந்தை நன்றியோடு வாயைத் திறக்காது, கடிக்கும், அடிக்கும். அதன் உடம்பை வலுக்கட்டாயமாகப் பிடித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பெண் உடல் மீதான கண்காணிப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிற நமக்கு இது சங்கடமான இடம். மகளின் உடம்பை நாள் முழுக்கக் கண்காணிக்கிறவள் நான்தான். கண்காணிக்காவிட்டால் அவள் இருக்கமாட்டாள்.

அந்தக் காட்சி திறந்துவைத்ததைப் படமே பிற்பாதியில் மூடிவிடுகிறது. மருத்துவர்கள் வேண்டாம் என்ற பிறகும் ஷெல்பி பிள்ளை பெறுகிறாள், சிறுநீரகங்கள் பழுதாகின்றன, அம்மா தன் சிறுநீரகத்தைத் தருகிறாள், மகள் இறந்துபோகிறாள். பிள்ளை பெறாத நீண்ட வாழ்க்கையைவிடப் பெற்றுவிட்டுச் சாவது மேல் என்ற எண்ணத்தைப் படம் கேள்வி கேட்பதில்லை. அழகாக ஒளியூட்டி வைக்கிறது. இன்று சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, நல்ல மருத்துவக் கவனிப்போடு குழந்தை பெறும் முதல் வகைப் பெண்கள் ஏராளம். பெற வேண்டாம் என்று முடிவெடுத்து நிறைவாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் அந்தக் கதையில் இடமில்லை.

அமெரிக்கத் தென்பகுதிக் கதை நமக்கெதற்கு என்று ஒதுக்க முடியவில்லை. என் மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்த உறவினர் முதலில் கேட்டது, “உன் பக்கத்துல யாருக்கு இருக்கு?” முதல் வகை நீரிழிவில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது, இனிப்பு கொடுத்ததால் வருவதில்லை என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார்: “வெளிய சொல்லாத. நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்ல?” நான்கு வயதுக் குழந்தை, கையில் டிரிப்ஸ் ஊசியோடு பக்கத்தில் படுத்திருந்தாள்.

வெளியே சொல்லாமல் இவளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. 2017-இல் சி.பி.எஸ்.இ. இந்த நோயுள்ள பொதுத்தேர்வு மாணவர்கள் சாக்லேட், பழம், தண்ணீரைத் தேர்வறைக்குள் எடுத்துச் செல்ல அனுமதித்தது. நல்ல விஷயம். இரண்டாம் வகுப்பில் பதினொரு மணிக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லத் தெரியாமல் மேசையில் சாய்கிறவளுக்கு எந்தச் சுற்றறிக்கை இருக்கிறது? பள்ளி எனக்குக் கொடுத்த வழி, “நீங்களே வந்து பாத்துக்கங்க மேடம்.” அப்பாவை வரச் சொல்லவில்லை. மதிய ஊசிக்காக நான் வேலையை அரை நாளாக்கிக்கொண்டேன், சம்பளமும் பாதியானது.

அழகு நிலையக் காட்சியை மகளும் என்னோடு பார்த்தாள். ஜூஸ் குடிக்க மறுப்பதைப் பார்த்துச் சிரித்தாள், “நான் மாதிரியே.” பிறகு கேட்டாள், “ஏம்மா அவங்க எல்லாரும் அந்த அக்காவையே பாத்துட்டு நிக்கறாங்க? யாராவது அவங்க அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணலாம்ல?”