பேசாத நேர்மையாளர்

மத்தேயு நற்செய்தியில் புனித யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆயினும் நற்செய்தியாளர் அவரை நேர்மையாளர் என்கிறார் (1:19). இச்சொல்லின் ஆழத்தை உணர, அதே அதிகாரத்தின் தலைமுறை அட்டவணையில் இடம்பெறும் தாமாரை நினைவுகூர வேண்டும். தம் மருமகளான அவர் கருவுற்றதைக் கேட்டதும், எரித்துவிட ஆணையிட்டார் யூதா (தொநூ 38). தம் முத்திரையும் கைக்கோலும் தம்மையே காட்டிக்கொடுத்த பின்னரே, தாமார் தம்மினும் நேர்மையுள்ளவர் என ஏற்றார். யோசேப்போ, வானதூதர் கனவில் தோன்றுமுன்பே, மரியாவை இகழ்ச்சிக்கு உள்ளாக்காமல் மறைவாக விலக்கிவிட எண்ணினார். உண்மை விளங்குமுன்பே இரங்கும் உள்ளத்தையே மத்தேயு நேர்மை என வரைகிறார். ஒரு பெண்ணின் பெயர் ஊர்வாயில் விழும் நாளில், யோசேப்பின் மௌனமே நமக்கு மறைக்கல்வி.