பழைய வீடும் பழைய ஆடலும்

சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் 155ஆம் எண்ணுள்ள கட்டிடத்தை முதன்முறை காண்பவர் அதனை ஒரு பள்ளிக்கூடம் என்றே எண்ணுவர். அவர் எண்ணம் பிழையன்று; அது பள்ளிக்கூடமாகப் பிறந்ததே. இன்று அதன் பெயர் ஸ்டாம்ஃபோர்டு கலை நிலையம். ஒரு காலத்தில் பிள்ளைகள் பாடம் ஒப்பித்த அறைகளில் இன்று ‘தெய்யா தெய்’ என்னும் சொற்கட்டும், அதற்கு இசையத் தட்டுக்கழியின் ஓசையும் எழுகின்றன. 1870ஆம் ஆண்டில் தோன்றிய கிருஷ்ணன் கோயிலும், சீனர் திரள் திரளாகச் சென்று வணங்கும் குவான் இம் ஆலயமும், 1878ஆம் ஆண்டின் யூதத் தொழுகைக் கூடமும் அவ்வீதியிலேயே உள்ளன. நம்முடைய முன்னோர் நெப்போலியன் தோற்ற போர்க்களத்தின் பெயரைப் பொருட்படுத்தாது, அதனைக் கிருஷ்ணன் கோவில் வீதி என்றே வழங்கி வந்தனர்.

இக்கட்டிடத்தைச் செவ்வையாகப் பழுது பார்த்து மரபுக் கலைகளுக்கென ஒதுக்கியமை நற்செயல் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் புகழ்ந்துவிட்டு நகர்வது விமரிசகன் தொழிலன்று. வீட்டைப் பேணிய முறைக்கும், அவ்வீட்டில் ஆடப்படும் ஆடலை நாம் பேணும் முறைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலில் வீட்டின் கதை. ‘ஸ்வான் அண்டு மக்லாரன்’ என்னும் கட்டிடக் கலைஞர் நிறுவனத்தார் வரைந்து கொடுத்தபடி 1920ஆம் ஆண்டில் இது எழுந்தது. அன்று இது சிங்கப்பூரில் குடியிருந்த ஜப்பானியரின் குழந்தைகள் பயின்ற ஆரம்பப் பள்ளி. 1942 பிப்ரவரியில் நகரம் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அதன்பின் நிகழ்ந்தவற்றைத் தோட்டத்துத் தமிழருக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. சயாம் ரயில் பாதைக்கென்று ஏற்றிச் செல்லப்பட்டு மீளாதோர் பல்லாயிரவர். அவர்கள் பெயரைச் சொல்லி இன்றும் பெருமூச்செறியும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அக்குழந்தைகள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எனினும் அவ்வாசலைக் கடக்கும்போது சயாம் காட்டை நினையாதிருக்க எம்மால் இயலவில்லை. போருக்குப்பின் இங்கு ஸ்டாம்ஃபோர்டு பெண்கள் பள்ளி நெடுங்காலம் நடைபெற்றது. 1985ஆம் ஆண்டில் அரசாங்கம் பயனற்றுக் கிடந்த பழங்கட்டிடங்களைக் கலைக் குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் அளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அதன் பயனாக 1988இல் இது கலை நிலையமாயிற்று. பின்னர்ச் சிறிது காலம் மூடிச் சீர்திருத்தப்பெற்று, 2019இல் மரபுக் கலைகளின் இல்லமாக மீண்டும் முறையாகத் திறக்கப்பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் பாராட்டுவது ஒன்று. வீட்டின் பழங்குடியிருப்போரை எவரும் மறைத்திலர். ஜப்பானியர் கட்டிய பள்ளி என்று சொல்ல நாணவில்லை. பெண் பிள்ளைகள் படித்த கூடம் என்பதையும் மறக்கவில்லை. பெயரிலேயே அப்பள்ளியின் நினைவு நிற்கின்றது. பழஞ்சுவர் பழஞ்சுவராகவே இருக்க, உள்ளே புதுவாழ்வு நடைபெறுகின்றது. புதுப்பித்தல் என்பதற்கு இதனினும் நேர்மையான பொருள் வேறில்லை.

இனி ஆடலைக் காண்போம். இவ்வில்லத்தோடு நெடுங்காலத் தொடர்புடையது பாஸ்கர் குடும்பத்தாரின் நாட்டியப் பள்ளி. கே. பி. பாஸ்கர் 1952ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து நாட்டியம் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய மனைவியார் சாந்தா பாஸ்கர் கேரளத்திலிருந்து 1955இல் இங்கு வந்து சேர்ந்தார். அந்நாளில் நாட்டியத்திற்கென்று ஓரிடமும் இல்லை. வாடகை அறைகளிலும் கடைவீட்டு மாடிகளிலும் கலை தங்கிய காலம் அது. அத்தகைய நாளில், 1958ஆம் ஆண்டில், சாந்தா அம்மையார் துணிந்து செய்த செயல் ஒன்றுண்டு. சீனரின் புகழ்பெற்ற ‘வண்ணத்துப்பூச்சிக் காதலர்’ கதையைப் பரத நாட்டியத்தில் அமைத்து மேடையேற்றினார்.

அக்கதையை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்வோம். சூ யிங்தாய் என்னும் பெண், பெண்களுக்குக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில், ஆண் வேடம் பூண்டு பள்ளிக்குச் செல்கிறாள். அங்கு லியாங் ஷான்போ என்னும் இளைஞனோடு நட்புக் கொள்கிறாள். உண்மை வெளிப்பட்டு இருவர் உள்ளமும் ஒன்றாகும்போது, பெற்றோர் அவளை வேறொருவனுக்கு நிச்சயித்து விடுகின்றனர். அவன் ஏங்கி இறக்கின்றான். மணப்பெண்ணாக அவன் கல்லறை வழியே செல்பவள் இறங்கி அழ, கல்லறை பிளக்க, உள்ளே புகுந்து மறைகின்றாள். பின்னர் இரு வண்ணத்துப்பூச்சிகள் பறந்து செல்கின்றன.

கண்ணனையும் கந்தனையும் அன்றி வேறெதையும் ஆடலாகாது என்று இன்றும் சாதிப்பவர் இருக்கின்றனர். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் எத்துணைப் பேர் முகஞ்சுளித்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்! நமது மதிப்பீட்டில் இவ்வாடல் வெறும் இனநட்பு விளம்பரமன்று. காதலன் வாராமையால் நாயகி வாடும் வாட்டத்தைப் பதங்களிலும் வர்ணங்களிலும் நுணுகி நுணுகி அபிநயித்துப் பழகிய கலை இது. அந்நாயகிக்குத் துயரமுண்டு, ஆனால் அவளுக்குப் பள்ளிக்கூடம் செல்லும் ஆசை இருந்ததாக எந்தப் பதமும் பேசுவதாக நாம் அறியோம். ஏட்டைக் கையிலேந்தும் பெண்ணை, விரும்பாத மணத்தை மறுக்கும் பெண்ணை, பரதத்தின் கைகளாலும் கண்களாலும் காட்ட முடியும் என்று நிறுவியதே இதன் சிறப்பு. உருமாறிப் படிக்கச் சென்ற பெண்ணின் கதையை ஆடலாக்கிய அம்மையார், ஒரு காலத்தில் பெண்கள் பள்ளியாக விளங்கிய கட்டிடத்தில் பிற்காலத்தில் பாடம் சொன்னது தற்செயலே. தற்செயல்களிலும் சில பொருத்தங்கள் உண்டு. கணவருக்கு 1987இலும் மனைவிக்கு 1990இலும் நாட்டின் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. கணவர் 2013இல் மறைந்தார். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் அம்மையார் உயிர்நீத்ததும் இதே ஸ்டாம்ஃபோர்டு இல்லத்தில்தான்.

இவ்வாறு புதியதைத் துணிந்து ஏற்ற நம் நாட்டிய உலகம், பழையதைச் சொல்லும்போது மட்டும் ஏன் நாக்கு உள்ளிழுக்கின்றது? எந்த அரங்கேற்ற அழைப்பிதழையேனும் எடுத்துப் பாருங்கள். பரத முனிவர் நூல் இயற்றினார். கலை கோயிலில் வளர்ந்தது. இடையில் ‘இழிநிலை’ அடைந்தது. பெரியோர் சிலரால் மீட்கப்பட்டது. இன்று நம் செல்வி ஆடுகின்றாள்! இவ்வளவே வரலாறு. முனிவருக்கும் செல்விக்கும் இடையே எத்தனை நூற்றாண்டு? அந்நூற்றாண்டுகளில் ஆடியவர் யார்? ஆட்டுவித்தவர் யார்? வீட்டுக்கு இருந்த குடியிருப்போரை வரிசையாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, ஆடலின் குடியிருப்போரைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் பெயரின்றிப் போனவர் அல்லர். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று எங்கும் ஆடப்பெறும் வரிசையை வகுத்தவர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரண்மனையில் இருந்த நட்டுவனார் குடும்பத்தவர் இவர்கள். அவர்கள் வழித்தோன்றலான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றே ருக்மிணி தேவி அம்மையார் 1935இல் அடையாற்றில் ஆடினார்; 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பால சரஸ்வதி அம்மையார் தம் குலத்தின் பெருமையை மறைக்காது, 1984இல் மறையும் வரை அக்கலையின் சிகரமாய் விளங்கினார். சதிர் என்றும் தாசியாட்டம் என்றும் வழங்கியதே, 1930களில் பரத நாட்டியம் என்னும் பெயரால் பரவியது. பெயர் மாறியது, பெரும்பாலும் ஆடுவோர் குலமும் மாறியது, வரிசையும் அடவும் மாறவில்லை.

‘சீர்திருத்தம் பேசும் நீங்கள் தாசி முறைக்கு வக்காலத்து வாங்குவதா?’ என்று ஒருவர் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. சிறுமியைக் கடவுளுக்குப் பொட்டுக் கட்டிச் செல்வர்க்குச் சொத்தாக்கிய கொடுமையை ஒழித்தது மிக நன்று. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையில் நின்று போராடியதும், அக்குலத்திலேயே பிறந்து துன்புற்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ எழுதியதும், 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச்சட்டம் வந்ததும் தமிழர் பெருமைக்குரிய செயல்கள். நாம் அதில் ஓர் அணுவும் பின்வாங்கவில்லை. ஆனால் முறையை ஒழித்தல் வேறு. அம்முறையில் அகப்பட்டிருந்த பெண்களின் கைத்திறனைக் கைக்கொண்டு, அவர்கள் பெயரை மட்டும் கழுவிவிடுதல் வேறு. முன்னது சீர்திருத்தம். பின்னதற்கு நாகரிகமான பெயர் எமக்குத் தோன்றவில்லை. இக்குற்றத்தில் பழமைவாதிகளுக்கு மட்டுமன்று, நமக்கும் பங்குண்டு. ஒழித்த வேகத்தில், ஒழிந்த வீட்டுப் பெண்கள் எதை உண்டனர், அவர்கள் மக்கள் எங்கே ஆடினர் என்று நம்மவருள் எத்துணைப் பேர் கேட்டனர்?

இதைக் கடல் கடந்த ஊரின் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. நம் தோட்டத்து லயங்களுக்கு முன்னால் ஆடப்பட்டவற்றை எண்ணிப் பாருங்கள். காமன் கூத்து இருந்தது. பால் வெட்டி ஓய்ந்த மாலையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், ரதியும் மன்மதனுமாய் வேடம் புனைந்தவர் நம் தகப்பன்மாரே. கரகம் இருந்தது, பறையடித்தால் சிறுவரும் கால் அசைத்தனர். அவற்றை ஆடியவர்க்கு மேடையில்லை, பயிற்சிக்கு அறையில்லை, அழைப்பிதழ் அச்சிடப் பணமில்லை. ஆதலால் ‘மரபுக் கலை’ என்னும் பட்டமும் அவற்றுக்கு எளிதில் கிடைக்கவில்லை. கள்ளுக்கடையை வெறுத்த நம்மவர் சிலர், கள்ளோடு சேர்த்துக் கூத்தையும் ‘பாமரர் கூச்சல்’ என்று வெறுத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடுகள் கட்ட விற்கப்பட்டும், மக்கள் நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறியபோது, கூத்தாடிய திடலும் போயிற்று. கல்லால் கட்டிய பள்ளிக்கூடத்தைப் பழுது பார்க்கலாம். மண்ணில் ஆடியதைப் பழுது பார்ப்பதற்குக் கொத்தன் கிடைப்பானா?

பழைய கட்டிடத்தில் குடியேறும் வாய்ப்புக் கிடைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே சங்கம் அமைத்து, கணக்கு வைத்து, விண்ணப்பம் எழுதத் தெரிந்த கலைகளுக்கே. இஃது எவர்மேலும் சாட்டும் குற்றமன்று. ஏற்பாட்டின் இயல்பு அது. நாட்டியக் குழு ஒன்று தன் மேடையில் பறைக்கும் கரகத்திற்கும் இடமளித்தால் போதுமா என்றால், போதாது என்போம். விருந்தினராய் அரைமணி ஆடிவிட்டுப் போவது குடியிருப்பு ஆகாது.

எமக்குத் தெரிந்த ஒரு தகப்பனார், தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் லாரி ஓட்டுபவர். மகளின் சலங்கை பூசைக்கு எம்மை அழைத்திருந்தார். எல்லாம் முடிந்தபின் மெல்ல வந்து, ‘எங்கப்பா காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுவாருங்க, அதை இங்கே சொல்லலாமா, மரியாதைக் குறைவா இருக்குமா?’ என்று கேட்டார். அருகிருந்த நாட்டிய ஆசிரியை சிறிது திகைத்துப் பின், அவர் பெயரையும் ஊரையும் கேட்டு, அரங்கேற்ற அழைப்பிதழில் சேர்க்கத் தாளில் குறித்துக்கொண்டார். அழைப்பிதழ் இன்னும் அச்சாகவில்லை. தஞ்சை நால்வரின் பெயருக்குக் கீழே அப்பாட்டனார் பெயரும் வருகின்றதா என்று பார்ப்பதற்காகவே நாம் அவ்வரங்கேற்றத்திற்குச் செல்ல எண்ணியுள்ளோம்.