குடித்தொகை முதுமையும் உழைப்பும்: இந்திரலால் த சில்வாவின் ஆய்வுகள் குறித்து

இலங்கையின் குடித்தொகை முதுமையடைந்து வருதல் பற்றி ஆராய்வோர், கொழும்புப் பல்கலைக்கழகத்திற் குடித்தொகையியற் பேராசிரியராகப் பணியாற்றிய இந்திரலால் த சில்வாவின் எழுத்துக்களைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. 1997இல் வெளிவந்த 1991–2041 காலத்துக்கான எதிர்வுகூறலும், 2007இல் வெளிவந்த 2001–2101 காலத்துக்கான எதிர்வுகூறலும் அவரது ஆய்வு வாழ்வின் முக்கிய படிகள். உழைக்கும் வயதினர் எத்தனை பேர், அவர்களிற் தங்கியிருப்போர் எத்தனை பேர் என்பதே இவற்றினூடே ஓடும் வினா. 1981இல் 6.6 வீதமாயிருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2012இல் 12.4 வீதமாயினர். இம்மாற்றத்தின் தாக்கத்தைக் காலத்தோடு உணர்த்திய பணியை மறுப்பது முற்போக்காளருக்கு அழகன்று.

ஆயின் எண் சரியாயிருப்பதனால் எண்ணக்கரு சரியாகிவிடாது. குடித்தொகையியல் வழமையாகப் பதினைந்து முதல் ஐம்பத்தொன்பது வயது வரையினரை உழைப்போராகவும் அறுபதைக் கடந்தோரைத் தங்கியிருப்போராகவும் கொள்கின்றது. இங்கு வர்க்கம் வயதாக உருமாறுகின்றது. வாடகைப் பணத்தில் வாழும் முப்பது வயது வீட்டுச் சொந்தக்காரர் உழைப்பாளியாகின்றார்; மூட்டை சுமக்கும் அறுபத்தைந்து வயது நாட்டாமி பிறர் உழைப்பில் தங்கியிருப்பவராகின்றார்!

பல்கலைக்கழகத்திலிருந்து அதிக தூரத்திலில்லாத கொம்பனித்தெருவை நோக்குவோம். மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்துவரும் உழைப்பாளர் பகுதி அது. விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் மூதாட்டியை இத்தகைய தெருக்களிற் காணலாம். மத்திய கிழக்கிற் பணிப்பெண்ணாயிருக்கும் மகளின் பிள்ளைகளை வளர்ப்பவரும் அவரே. அந்த மகள் அனுப்பும் அந்நியச் செலாவணி தேசிய வருமானத்திற் சேர்கின்றது. அதனைச் சாத்தியமாக்கும் தாயின் உழைப்புக்கோ கணக்கேட்டில் இடமில்லை. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது கூரையோடு வாசலிற் செய்த தொழிலும், கைமாற்றுக் கொடுக்கும் அயலும் குலைந்தன. முதியோருக்கு இந்த அயலே ஓய்வூதியம்.

த சில்வா 2012இல் எழுதிய கட்டுரையொன்று, வயதுக் கட்டமைப்பின் மாற்றத்தை விரைவான பொருளாதார எழுச்சிக்குரிய வாய்ப்பாகக் கண்டது. பத்தாண்டு கழித்து, 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. எதிர்வுகூறல் பொய்த்தது என்று ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. வாய்ப்பின் பயன் எவரிடஞ் சென்றது என்ற வினாவை வயதுக் கூம்பகத்திடம் கேட்க முடியாது என்பதே எமது வாதம்.

முதியோர் பொருளாதாரத்தின் சுமை என்னும் கூற்றையும் இவ்வழியே நோக்குதல் வேண்டும். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் விலக்களிக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியின் முறிகளோ குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. தொழிலாளர் முதுமைக்கென ஒதுக்கிய பணமே அரசின் சுமையைத் தாங்கியது. 2021இல் தனியார்துறை ஊழியருக்கு ஓய்வு வயதை அறுபதாக்கிய சட்டமும், அந்நிதியும் பதிவுபெற்ற ஊழியருக்கே உரியவை. இடியப்பம் அவிக்கும் மூதாட்டிக்கு ஓய்வு வயதுமில்லை. குறைக்கப்படுவதற்கு ஒரு வட்டியுமில்லை.