அசல் பதக்கங்களின் போலித் தொகுதி

பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்களை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "இது அசலா?" என்றுதான். ஒற்றைப் பதக்கத்துக்கு அந்தக் கேள்வி போதும். ஒரே தகட்டில் நாடாக்களை மடித்துத் தைத்து, நான்கைந்து பதக்கங்கள் வரிசையாகத் தொங்கும் பதக்கப் பட்டைக்குப் போதாது. தொங்கும் ஐந்தும் அசலாக இருக்கலாம். பட்டை மட்டும் போன மாதம் ஒரு வியாபாரியின் மேசையில் பிறந்திருக்கலாம். ஏலத்தில் பட்டைக்குக் கிடைக்கும் கூடுதல் விலை உலோகத்துக்கானது அல்ல. இவை அத்தனையும் ஒரே மனிதரின் மார்பில் இருந்தன என்ற கூற்றுக்கானது. சோதிக்க வேண்டியதும் அந்தக் கூற்றைத்தான்.

ஜெர்மன் பட்டைகளில் இந்தக் கூற்று பலவீனமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, பெயர் இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்க்குக் கொடுத்த பதக்கத்தின் விளிம்பில்கூட எண், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மன் பதக்கங்களில் பெரும்பாலானவை பெயரில்லாமலே வழங்கப்பட்டன. இரண்டாவது, சரக்குக்குப் பஞ்சமில்லை. 1914ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை சுமார் 50 லட்சம் பேருக்குக் கிடைத்தது. முதல் உலகப் போரில் பங்கேற்றவர்களுக்காக 1934 ஜூலையில் நிறுவப்பட்ட ஹிண்டன்பர்க் சிலுவையில், போர்முனை வீரர்களுக்கான வாள் பொறித்த வகை மட்டும் 60 லட்சத்தைத் தாண்டியது. இவற்றைப் போலியாகச் செய்வதைவிட அசலையே வாங்கிவிடுவது மலிவு. அவற்றுக்கு நடுவில் அரிதான ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் லாபம்.

ஆகவே பொருள்சார்ந்த சோதனைகளின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புச் சிலுவையின் நடுப்பகுதி கறுப்பாக்கிய இரும்பு. அதைச் சுற்றி வெள்ளிச் சட்டம் பற்றவைக்கப்பட்டிருக்கும். காந்தம் ஒட்டினால் நல்லது. ஆனால் இரும்பல்லாத நடுப்பகுதி கொண்ட அசல்களும் உண்டு. காந்தம் ஒட்டும் போலிகளோ ஏராளம். புற ஊதா விளக்கும் அப்படித்தான். துணியையும் நூலையும் பளிச்சென்று காட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயின. அவை அந்த விளக்கொளியில் நீலவெண்மையாக மின்னும். தையல் நூல் மின்னினால் சந்தேகப்பட வேண்டும். நாடா மட்டும் லேசாக மின்னுகிறதா? யாரோ ஒரு பேரன் அதைச் சலவைத்தூளில் அலசியிருக்கலாம். இந்தச் சோதனைகளால் ஒரு பட்டையைத் தள்ளிவிட முடியும். தேறினாலும் தொகுதி ஒன்றே என்று நிரூபணமாகாது.

அதற்கு நெருங்கிய சான்று தருபவை நாடாவும் தையலும். பிரஷ்ய பாணிப் பட்டையில் நாடாக்கள் மடிப்பு மடிப்பாக, பல சமயம் ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி இருக்கும். வெளிச்சம் பட்ட பகுதி காலப்போக்கில் வெளுக்கும். மடிப்புக்குள் ஒளிந்த பகுதியில் பழைய நிறம் தங்கிவிடும். மடிப்பின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் வெளுப்பு முடியும் கோடு தெரியும். அந்தக் கோடு இன்றைய மடிப்போடு துல்லியமாகப் பொருந்த வேண்டும். வேறொரு பட்டையிலிருந்து பிரித்தெடுத்த நாடா என்றால் பழைய கோடு இடம் தவறி, வெளுத்த கீற்று மடிப்புக்குள்ளும் அடர்ந்த கீற்று வெளியிலுமாக நிற்கும். உலோகத்திலும் இதே கணக்கு உண்டு. ஹிண்டன்பர்க் சிலுவை இரும்பில் செய்து வெண்கல நிறம் பூசியது. பக்கத்துப் பதக்கத்தின் விளிம்பு வருடக்கணக்கில் உரசிய இடத்தில் பூச்சு தேய்ந்திருக்கும். தேய்ந்த இடமும் உரசும் விளிம்பும் ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும். பின்புறம் ஊசியின் துரு துணியில் இறங்கியிருப்பதும், பூச்சி அரித்த ஓட்டை துணியையும் நாடாவையும் ஒரே நேர்க்கோட்டில் துளைத்திருப்பதும் இந்த வகைச் சான்றுகளே. ஒவ்வொன்றையும் தனித்தனியே போலியாக உண்டாக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி உண்டாக்குவது கடினம். என் கணக்கில் முதல் எடை இதற்குத்தான்.

அடுத்தது சேர்க்கையின் தர்க்கம். ஓர் உதாரணப் பட்டையை வைத்துக்கொள்வோம்: 1914 இரும்புச் சிலுவை, வாளுள்ள ஹிண்டன்பர்க் சிலுவை, 'வாட்டர்பெர்க்' பட்டயம் (சண்டையின் பெயர் பொறித்த உலோகத் துண்டு) பூட்டிய தென்மேற்கு ஆப்பிரிக்கப் பதக்கம், சுடேட்டன்லாந்து இணைப்புக்கான 1938 அக்டோபர் 1 பதக்கம். வாட்டர்பெர்க் சண்டை நடந்தது 1904 ஆகஸ்டில். ஹெரெரோ மக்களை இனப்படுகொலைக்குள் தள்ளிய சண்டை அது. அங்கே இருந்தவருக்கு அப்போது 22 வயது என்றால் 1938இல் 56. அந்த வயதில் ராணுவத்தில் நீடித்தவர் உயரதிகாரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் 1936இல் நிறுவப்பட்ட நீண்டகாலச் சேவைப் பதக்கம் எங்கே? அது இல்லாதது பெரிய ஓட்டை. ஆனால் 1938 பதக்கம் ராணுவத்துக்கு வெளியிலும் வழங்கப்பட்டது. சுங்கத்திலோ காவலிலோ இருந்த முன்னாள் வீரர் அதைப் பெற்றிருக்கலாம். ஆகவே தர்க்கம் பட்டையைக் கொல்லவில்லை, கூண்டில் ஏற்றுகிறது. சாட்சி சொல்ல வேண்டியது பட்டயம். அது நாடாவில் கோத்த தனித்துண்டு, எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், விலையையும் ஏற்றிவிடும். அதை நகர்த்திப் பார்த்தால் அடியில் வெளுக்காத நிழல் இருக்க வேண்டும். நிழல் இல்லையென்றால் பட்டயம் பிற்சேர்க்கை என்றே கொள்வேன்.

அணியும் வரிசை பற்றிய விதிகளைப் பலர் பெரிய ஆயுதமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பேரரசுக் காலத்தில் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி என்று ஒவ்வொரு அரசுக்கும் தனிப் பதக்கங்கள், தனி வழக்கம். நாஜி ஆட்சியில் இரும்புச் சிலுவைக்கு முதலிடம் என்று விதி மாறியது. அணிந்தவர்களும் அவர்களின் தையற்காரர்களும் விதியைப் பல சமயம் மீறினார்கள். விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தைப்பவர் இன்றைய மோசடிக்காரர்தான். வரிசை பிறழ்ந்ததற்காக ஒரு பட்டையைத் தள்ளுவதும், வரிசை சரியென்பதற்காக ஏற்பதும் இரண்டுமே தவறு.

"அப்படியென்றால் மறுபடி தைத்த பட்டையெல்லாம் போலியா?" என்று கேட்கலாம். இல்லை. 1920இல் கட்டிய பட்டையை, 1934இல் புதிய சிலுவை கிடைத்ததும் பிரித்துத் தைத்தவர்கள் ஏராளம். 1957 ஜூலையில் மேற்கு ஜெர்மனி இயற்றிய சட்டம், ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் போர்ப் பதக்கங்களை அணிய அனுமதித்தது. அதன்படி முன்னாள் வீரர்கள் புதுப் பட்டைகள் செய்துகொண்டார்கள். அவை புதியவை, ஆனால் நேர்மையானவை. பிரித்துத் தைத்தவர் அணிந்தவரா, விற்றவரா என்பதே கேள்வி.

கடைசியாகக் காகிதம். வழங்கல் சான்றிதழ், படைச் சேவைப் புத்தகம், குடும்பத்தின் வழியாகக் கைமாறிய வரலாறு ஆகியவை நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் போல. ஆனால் இங்கேயும் நிலம் சமமாக இல்லை. பிரஷ்யப் படை ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. பவேரியாவின் படைப் பதிவேடுகள் மியூனிக்கில் பிழைத்துள்ளன. எனவே பவேரியப் பட்டைக்குப் பெயர் சொல்லும் விற்பனையாளரிடம் பதிவைக் கேட்கலாம். பிரஷ்யச் சாதாரண வீரருடையது என்று பெயர் சொல்பவரைப் பல நேரங்களில் சரிபார்க்கவே முடியாது. அதிகாரிகளின் விஷயத்தில் மட்டும் ஒரு வழி உண்டு: போருக்கு முந்தைய அச்சிட்ட தரவரிசைப் பட்டியல்களில் அவர்கள் பெற்ற விருதுகள் பெயருக்கு எதிரே குறிக்கப்பட்டன. அரிய வெளிநாட்டு விருது உட்பட நான்கைந்து விருதுகளின் சேர்க்கை ஒரே ஒரு பெயருக்குத்தான் பொருந்துகிறது என்றால் அது வலுவான சான்று. அப்போதும் ஒரு எச்சரிக்கை: அதே பட்டியலைப் பார்த்து வேண்டுமென்றே ஒரு பட்டையைக் கட்டவும் முடியும். காகிதமும் நாடாவும் முரண்பட்டால் நாடாவையே நம்புவேன்.

இவற்றை எடைபோட்டால் அசல், போலி என்ற இரண்டு கூடைகள் போதாது. நான்கு வேண்டும்: அக்காலத்தில் கட்டியது, அணிந்தவரே மாற்றியது, பிற்காலத்தில் அசல் துண்டுகளால் சேர்த்தது, முழுப்போலி. முதல் கூடையில் சேர வெளுப்பும் தேய்மானமும் துருவும் ஒன்றையொன்று உறுதிப்படுத்த வேண்டும். சேர்க்கை எவ்வளவு அரிதோ அதற்கு ஏற்ப அந்தச் சான்றும் கடுமையாக இருக்க வேண்டும். இரும்புச் சிலுவையும் ஹிண்டன்பர்க் சிலுவையும் மட்டும் தொங்கும் எளிய பட்டையைப் பெரும்பாலும் நம்பலாம். அதைப் பொய்யாகக் கட்டுவதில் யாருக்கும் லாபமில்லை. வாட்டர்பெர்க் பட்டயமுள்ள பட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. பெயரைப் பொறுத்தவரை தீர்ப்பு இன்னும் கறாரானது. பதிவேடோ தனித்துவமான சேர்க்கையோ குடும்ப வழியோ இல்லாத பட்டைக்கு விலைப்பட்டியலில் எழுதத் தக்கது, "அக்காலத் தயாரிப்பு, அணிந்தவர் தெரியவில்லை" என்பது மட்டுமே. அதற்கு மேல் எழுதுகிறவர் ஆதாரத்தையும் மேசையில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்தப் பெயருக்காகக் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்கத் தேவையில்லை.